ஆணி அடிக்காத கிறிஸ்மஸ்

போடி கடைத்தெருவில் அந்தக் காலத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பிடித்துவிடலாம், வாடகைக்கு வீடு பிடிப்பதுதான் பெரும்பாடு. ரயில் வந்ததிலிருந்து ஏலக்காய் வியாபாரத்துக்கென்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்துவிட்டார்கள். கடைத்தெருவில் சாக்கும் கயிறும் விற்ற செல்லப்பாண்டியும் அவர் மனைவி அன்னத்தாயும் வந்த வேகத்தில் மூன்று வீடு மாறியாயிற்று. ஒரு வீட்டில் கருவாட்டு வாசம் ஆகாது என்றார்கள். அடுத்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம், பாட்டு ஆகாது என்றார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகி ஒழுகி அந்த வீடே போகச் சொல்லிவிட்டது.

நாலாவதாக வாய்த்ததுதான் கஸ்தூரியம்மாள் வீடு. ஒரே கூரை. நடுவில் ஒற்றைச் செங்கல் கனத்தில் ஒரு குறுக்குச்சுவர். அந்தப் பக்கம் கஸ்தூரியம்மாளும் அவள் மகன் சீனிச்சாமியும், இந்தப் பக்கம் வாடகைக்கு வருகிறவர்கள். கஸ்தூரியம்மாள் வயலும் தோப்பும் உள்ள சம்சாரி வீட்டுப் பெண்பிள்ளை, மனசு விசாலம். “நீங்க கும்பிடுறத நீங்க கும்பிடுங்க, நான் கும்பிடுறத நான் கும்பிடுறேன். சாமிக்குச் சாமி சண்டையா போடுது?” என்று சொல்லிவிட்டாள். கருவாட்டுக்கும் மறுப்பில்லை.

ஆனால் சுவர் விஷயத்தில் மட்டும் அவள் வேறு ஆள். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. முன்னால் குடியிருந்த ஒரு புண்ணியவான் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கப்போய், முறத்தகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. அதிலிருந்து யார் குடிவந்தாலும் அவள் சொல்லுகிற முதல் பேச்சு இதுதான்.

“ஒரு ஆணி. ஒரே ஒரு ஆணி சுவத்துல ஏறுச்சுன்னு தெரிஞ்சுச்சு, சட்டிபானையத் தூக்கிக்கிற வேண்டியதுதான். உத்தரத்துலயும் கயிறு கியிறு கட்டக்கூடாது, ஓடு நகண்டுரும். பசையும் ஒட்டக்கூடாது, சுண்ணாம்பு உரிஞ்சுரும்.”

அன்னத்தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கு அந்த வீடு அவ்வளவு பிடித்திருந்தது. இனியும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைய அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் தலைக்கு இருந்த அடக்கம் அவள் வாய்க்கு இல்லையே, என்ன செய்ய?

போடியில் அவர்கள் சபைக்கு அப்போது கோயில் கட்டவில்லை. வருசா வருசம் கிறிஸ்மஸ் ஆராதனை ஏலக்காய்க் கமிஷன் கடைக்காரர் மனைவி சொர்ணலதாவின் பெரிய வீட்டில்தான் நடக்கும். அந்த வருசம் மாடி எடுப்பதற்காக அந்த வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, ஜெபம் முடிந்ததும் உபதேசியார், “இந்த வருசம் எங்கன வச்சுக்கிறது?” என்று பொதுவாகத்தான் கேட்டார்.

“எங்க வீட்டுல வச்சுக்கிருவோம்” என்றாள் அன்னத்தாய்.

சொர்ணலதா சிரித்தாள். “ஒங்க வீடா? ஒரு ஆணி அடிக்க வக்கில்லாத வாடகை வீட்டுல நட்சத்திரத்த எங்கன மாட்டுவ? ஒன் வீட்டுக்காரர் காதுலயா?”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அன்னத்தாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. “மதினி, ஒங்க வீட்டுக் கிறிஸ்மஸ் மாதிரி இருக்காது. அதவிட நல்லாருக்கும். வந்து பாருங்க” என்று சொல்லிவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் செல்லப்பாண்டி விடுவிடுவென்று முன்னால் நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், “தை மாசம் எந்தத் தெருவுல வீடு பாக்கணும்னு இப்பவே சொல்லிரு” என்றார்.

அன்னத்தாய் யோசித்தாள். அடுப்படியில் யோசித்தாள், கிணற்றடியில் யோசித்தாள். சுவர் ஆகாது, உத்தரம் ஆகாது, பசை ஆகாது என்றால் மிச்சமிருப்பது தரைதான். தரையில் கோலம் போடலாம். கோலத்தைக் கொண்டா சொர்ணலதா மதினியின் வாயை அடைக்க முடியும்?

மார்கழி பிறந்தது. விடிகாலையில் கஸ்தூரியம்மாள் வாசல் நிறையக் கோலம் போட்டு, சாணி உருண்டை பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பூசணிப்பூவைச் செருகி நடுவில் வைத்தாள். குடத்தோடு நின்ற அன்னத்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூ நிமிர்ந்து ஜம்மென்று நின்றது. அதை யாரும் எதிலும் மாட்டவில்லை, கட்டவில்லை. அடியில் கனம் இருக்கிறது, அதனால் நிற்கிறது. அட, இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

“இந்தாருங்க, எந்திரிங்க. ஆத்துக்குப் போயி மணல் அள்ளிட்டு வாங்க.”

“மணலா? எதுக்கு?”

“கிறிஸ்மசுக்கு.”

செல்லப்பாண்டி நல்ல மனுசர். மறுகேள்வி கேட்காமல் கொட்டகுடி ஆற்றில் இறங்கி, தன் கடைச் சாக்குகளிலேயே மணல் அள்ளி வந்தார். எண்ணெய்க்கடையில் காலித் தகர டின்கள் கிடைத்தன. அன்னத்தாய் டின்களில் மணலை நிரப்பித் தண்ணீர் தெளித்துக் குத்தி, நடுவில் ஆளுயரத்துக்கு மேல் மூங்கில்களை நட்டாள். டின் தரையைக் கீறக்கூடாது, துருவும் ஏறக்கூடாது என்று அடியில் வைக்கோல் பிரிமணை வைத்தாள். கூடத்தின் நாலு பக்கமும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மூங்கில்கள் நின்றன. மூங்கிலுக்கு மூங்கில் கயிறு இழுத்துக் கட்டினாள். கயிறு வியாபாரி பெண்டாட்டிக்கு முடிச்சுச் சொல்லித்தரவா வேண்டும்? வீட்டுக்குள் இன்னொரு வீடு நிற்பது மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு கேட்பானேன். மதுரையிலிருந்து ரயிலில் வந்த வண்ணக் காகிதத்தை வெட்டிச் சங்கிலி கோத்தாள். குறுக்குச்சுவர் ஓரம் வெள்ளை வேட்டிகளை மடிப்பு வைத்துத் திரையாகத் தொங்கவிட்டாள். மலைமேல் குரங்கணியிலிருந்து ஏலமூட்டை இறக்கி வரும் ஒச்சாண்டி, கழுதை முதுகில் மலைமரக் கிளை ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். அதை நெல் நிறைந்த அண்டாவில் நிறுத்தினாள். கடைசியாக நட்சத்திரம். முற்றத்தில் கிடந்த கல் உரலின் குழியில் நெடுமூங்கிலை ஊன்றி, சுற்றிலும் மணலைக் கெட்டித்து, உச்சியில் ஏற்றினாள். காற்றுக்கு நட்சத்திரம் ஆடியது, உரல் அசையவில்லை.

கிறிஸ்மசுக்கு முந்தின நாள் சாயங்காலம் கஸ்தூரியம்மாள் வந்து பார்த்தாள். சுவரோரமாக விரலால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். “ம்” என்றாள். ஆனால் போகும்போது வாசற்படியில் நின்று இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

“ஆத்தா, நாளைக்குக் காலையில அவசியம் வரணும்” என்றாள் அன்னத்தாய்.

கிறிஸ்மஸ் அன்று வெயில் ஏறுமுன்பே கூடம் நிறைந்துவிட்டது. சொர்ணலதா பட்டுச்சேலை சரசரக்க வந்து, உட்காருவதற்கு முன் கண்ணாலேயே வீட்டைச் சலித்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்ததே அன்னத்தாய்க்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. கஸ்தூரியம்மாளும் வந்து வாசல் பக்கம் மணைப்பலகையில் உட்கார்ந்தாள். கஞ்சிரா, ஜால்ரா என்று கீர்த்தனை களைகட்டியது. உபதேசியாருக்கு எட்டு ஊருக்குக் கேட்கிற தொண்டை. பாட்டு உச்சத்தில் இருக்கும்போது, வேட்டித் திரைக்குப் பின்னால் பொத்தென்று எதுவோ விழுந்தது.

பாட்டு நின்றது. திரைக்கு அடியிலிருந்து வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூசி பரவியது. தோசையகலக் காரை ஒன்று தரையில் உடைந்து கிடந்தது.

கஸ்தூரியம்மாள் எழுந்து நின்றாள். “ஆணி அடிச்சுட்டியா அன்னத்தாயி?”

“இல்ல ஆத்தா.”

“பின்ன காரை தானா விழுமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. திரைய மாட்டி மறைச்சுட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்?”

“நான் அன்னைக்கே சொன்னேன்” என்று சொர்ணலதா பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. செல்லப்பாண்டி முகத்தில் ஈயாடவில்லை. வீடு போயிற்று, மறுபடி சாக்கு, மறுபடி தெரு என்று அன்னத்தாய் நினைத்தாள். ஆனால் செய்யாத தப்புக்கு அவள் ஒருநாளும் தலைகுனிந்தவள் இல்லை.

“ஆத்தா, தேடுங்க. இந்த வீட்டுல நான் அடிச்ச ஆணி ஒண்ணு கெடச்சாலும், தை பொறக்குற வரைக்கும் எல்லாம் வேண்டாம். இன்னைக்கே போறோம்.”

செல்லப்பாண்டிக்கு இருமல் வந்துவிட்டது.

கஸ்தூரியம்மாள் விட்டுவிடவில்லை. காகிதச் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தாள், கயிறு போய் மூங்கிலில் முடிந்தது. மூங்கிலைத் தொட்டுக்கொண்டே கீழே போனாள், அது மணலில் முடிந்தது. டின்னை நகர்த்தச் சொன்னாள், பிரிமணைக்கு அடியில் தரை அலம்பிவிட்டது போல் இருந்தது. கூட்டமும் அவளோடு சேர்ந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. இத்தனையும் எதில் நிற்கிறது என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. “அடி ஆத்தாடி, வெறும் மணலு” என்றார் உபதேசியார்.

கடைசியாகக் கஸ்தூரியம்மாள் திரையை விலக்கினாள். காரை பெயர்ந்த இடத்தில், செங்கல் இடுக்கிலிருந்து இரும்பு முனை ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

“இது என்ன?” என்றாள் கஸ்தூரியம்மாள்.

அன்னத்தாய் குனிந்து பார்த்தாள். பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை. “ஆணிதான் ஆத்தா. ஆனா நான் அடிச்சதுன்னா தலை இந்தப் பக்கமுல்ல இருக்கணும்? கூருல்ல இந்தப் பக்கம் இருக்கு.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பக்கம் ‘டங்’ என்று ஒரு சத்தம். எல்லார் கண் முன்னாலேயும் ஆணிமுனை இன்னும் ஒரு விரற்கடை வெளியே வந்தது. பாட்டு நடந்த நேரமெல்லாம் இந்தச் சத்தத்தைத்தான் கீர்த்தனை விழுங்கியிருக்கிறது.

“ஏலே சீனிச்சாமி!” என்று கஸ்தூரியம்மாள் போட்ட சத்தத்தில் கஞ்சிரா தானாகக் கலகலத்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “என்ன ஆத்தா? சுத்தித்தல கழண்டுருச்சு, இப்பத்தான் மாட்டுனேன். இன்னும் ரெண்டு அடிதான்.”

கூப்பிட்டதும் சுத்தியலும் கையுமாக வந்து நின்றான். மீசை முளைத்து, கலியாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற ஆம்பிளை. வண்டிக்கு அடிக்கிற நீள ஆணி நாலைந்து இடுப்பில் செருகியிருந்தது. “நீதான ஆத்தா ராத்திரி சொன்ன? அந்தப் பக்கம் கல்யாண வீடாட்டம் இருக்கு, நம்ம வீடு எழவு வீடாட்டம் இருக்கு, ஏகாதசி வருது, ஒரு தோரணம் கட்டுலேன்னு. அதான்.”

“தோரணம் கட்டத்தானடா சொன்னேன்? ஆணி அடிக்கவா சொன்னேன்? இந்தச் சுவத்துல ஆணி ஆகாதுன்னு ஒனக்குத் தெரியாதா?”

“அது வாடகைக்கு இருக்கவுகளுக்குத்தான ஆத்தா?” என்றான் சீனிச்சாமி, நிசமாகவே புரியாமல்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஸ்தூரியம்மாள் மகன் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினாள். பிறகு அவளுக்கும் தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரித்து முடித்து, அத்தனை பேர் முன்னாலேயும் சொன்னாள்.

“ஒன்னையச் சந்தேகப்பட்டது தப்பு தாயி. சொவத்தக் காப்பாத்துனது நீ, ஓட்ட போட்டது என் வீட்டு எருமை. இனிமே இந்த வீட்ட விட்டு ஒன்னையப் போகச் சொல்ல எனக்கு வாயில்ல. நீயாப் போனாத்தான் உண்டு.”

அன்னத்தாய்க்கு அழுகை வந்தது. அழவில்லை. மதினி பார்த்துக்கொண்டிருக்கும்போது அழுவாளா? சந்தோசம் தாளாமல் உபதேசியாரைப் பார்த்து, “பாட்ட விட்ட இடத்துலருந்து எடுங்கய்யா” என்றாள்.

ஆராதனை முடிந்து, கறிச்சோறும் முடிந்தது. கஸ்தூரியம்மாள் மெதுவாக அன்னத்தாயின் கையைப் பிடித்தாள். “நம்ம பக்கமும் இதே மாதிரி செஞ்சு குடு தாயி. இவன நம்பினா ஏகாதசிக்குள்ள வீடு சல்லடையாயிரும்.”

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பக்கக் கூடத்தில் அன்னத்தாய் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். சீனிச்சாமி மணல் சுமந்தான், செல்லப்பாண்டி கயிறு கொண்டுவந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொரு கை கொடுத்தார்கள். மணல் குத்தி முடிகிற வரைக்கும் மூங்கில் சாயாமல் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கிட்டத்தில் நின்ற சொர்ணலதாவிடம்தான் அந்த வேலை வந்து சேர்ந்தது. பட்டுச்சேலையோடு மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கை வலிக்க, பின்னாலிருந்த சுவரில் மெல்லச் சாய்ந்தாள்.

“மதினி” என்றாள் அன்னத்தாய், முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே. “சுவத்துல சாயாதீக. அழுக்காயிரும்.”

சொர்ணலதா நிமிர்ந்து நின்றாள்.