பின்சில்லின் பிடிவாதம்

அச்சுவேலியில் சோடாக் கம்பனி நடத்தும் கேதீஸ்வரனுக்கு விஞ்ஞானத்தில் அபார நம்பிக்கை. பெட்டி தூக்கும் புது ஃபோர்க்லிஃப்ட்டுக்கு நாவூறு கழிக்கத் தேசிக்காய் வெட்ட வந்தவர்களை, "எந்தக் காலத்திலை இருக்கிறியள்?" என்று திருப்பி அனுப்பியவர். அந்த மின்சார வண்டிதான் ஒரே மாதத்தில் கள்ளுக்குடித்தவன் மாதிரி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது.

திருத்த வந்தவள் நிஷானி. அந்தக் கம்பனியிலேயே ஆறுமாதத் தவணை வேலை, இன்று கடைசி நாள். நாலு மணி லொறி வருமுன் வண்டி நேராக ஓடாவிட்டால் கொழும்பிலிருந்து ஆள் வரும், அவள் வீட்டுக்குப் போகவேண்டும்.

வண்டியைத் திருப்பும் பின்சக்கரம், அந்தப் பின்சில்லை நேரே நிறுத்தி, அதன் நடுநிலையை வண்டியின் கணினியில் பதிந்தாள். இடம், வலம் என முழுக்கத் திருப்பி அவற்றையும் பதிந்தாள். திரையில் எல்லாம் சரி. சாரதி கனிசியஸ் பத்தடி ஓட்டினார். வண்டி சோடாப் பெட்டிகளில் முட்டப் பார்த்து நின்றது.

"பிள்ளை, உதுவும் உன்னைப் போலைதான். நிண்டால் சாது, வெளிக்கிட்டால் பிடிக்கேலாது."

"அண்ணை, கதைக்காமல் திரும்ப ஓட்டுங்கோ."

மூன்றாம் முறையும் அதே கூத்து. ஆனால் அவருடைய பகிடி அவள் மண்டைக்குள் ஏறிவிட்டது. நின்றால் சரி, ஓடினால் பிழை என்றால், ஓடும்போது ஏதோ ஆடுகிறது. டோர்ச்சோடு வண்டிக்குக் கீழே புகுந்தாள்.

சில்லின் திருப்பத்தை அளக்கும் சென்சர் காந்தத்தை நம்பி வேலை செய்வது. அதன் பக்கத்திலேயே கறுப்புக் கயிற்றில் ஓர் இரும்பு லாடம் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. வண்டி ஓட ஓட அது ஆடி, சென்சரின் அளவைக் குழப்பியிருக்கிறது.

"ஆர் அண்ணை கட்டினது?"

"நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன். என்னைக் கேளாதை."

லாடத்தை அவிழ்த்து, மறுபடி எல்லாம் பதிந்தாள். வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் கேதீஸ்வரன் செருமினார்.

"பக்கத்து மில்காரன் 'என்ன வடிவான வண்டி' எண்டு பாத்துக்கொண்டே நிண்டவன். அவன்ரை நாவூறு பொல்லாதது. ஆக்கள் கண்டால் சிரிப்பினமெண்டுதான் கீழை கட்டினனான். தா பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

நிஷானி லாடத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"சொல்லமாட்டன் சேர். நிரந்தர நியமனக் கடிதத்தைத் தாங்கோ, லாடத்தைத் தாறன்."

லொறி வருமுன் கடிதம் வந்தது. லாடத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டவர் போகாமல் நின்றார்.

"பிள்ளை, சென்சர் இல்லாத இடமாய் ஒண்டு காட்டன்."