சந்தனம் அடைத்த ஓட்டை

கிள்ளானில் எங்கள் பழைய இரும்பு யார்டில் லோரி நிறுக்கும் அறையை எட்டேகாலுக்குத் திறந்தேன். முந்தின நாள் மத்தியானம்தான் பிரிக்பீல்ட்ஸ் கம்பெனியிலிருந்து சாதிக் வந்து புது கம்ப்யூட்டர் வைத்து, எடை பதியும் சாப்ட்வேரையும் போட்டுக் கொடுத்தான். அவன் இருந்தவரை ஓடியது. இப்போது அழுத்தினால் ஒரு வெள்ளைப் பெட்டி எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. மூன்று தடவை அழுத்தினேன். மூன்று தடவையும் அதே கதை.

ஜன்னலுக்கு வெளியே நிறுக்கும் மேடைமேல் தம்புசாமி அண்ணன் லோரியோடு நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு லோரி.

"என்ன கலா, புது மெசின் வந்த மறுநாளே உடம்பு சரியில்லன்னு எம்சி எடுத்திருச்சா?"

"இறங்கி டீ குடிங்கண்ணே."

முதலாளி வேலாயுதம் உள்ளே வந்தார். நெற்றியில் திருநீறு இன்னும் ஈரம்.

"பத்து மணிக்குள்ள ஓடலன்னா சாதிக் சொன்ன பிள்ளையவே எடுத்துக்கிறேன் கலா. டிப்ளோமா படிச்ச பிள்ளை. நீ பழையபடி செம்புப் பக்கம் போயிடு. தப்பா எடுத்துக்காத."

செம்புப் பக்கம் என்றால் தகரத்தடியில் குந்தி உட்கார்ந்து கத்தியால் ஒயர் உரிப்பது. பதினோரு வருஷம் உரித்தேன். இடது கட்டைவிரல் இன்னமும் முழுசாக மடங்காது. இந்த நாற்காலியில் என்னை யாரும் தூக்கி உட்கார வைக்கவில்லை. நிறுக்கிற ஆள் வராத நாளெல்லாம் கேட்டுக் கேட்டு உட்கார்ந்து பிடித்த இடம் இது.

சாதிக்குக்குப் போன் அடித்தேன்.

"அழிச்சிட்டு மறுபடி போடணும் அக்கா. நான் சுங்கை பூலோல இருக்கேன், மத்தியானம்தான் வர முடியும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"ஏன் நின்னுச்சுன்னு அது எங்கயாச்சும் எழுதி வைக்குமா தம்பி?"

"லாக்னு ஒரு போல்டர் இருக்கும். உங்களுக்குப் புரியாது லா."

திறந்தேன். பக்கம் பூரா இங்கிலீஷ். கடைசியில் ஒரே வரி மூன்று தடவை இருந்தது, நான் அழுத்திய அதே நேரங்களில்: காம் 3-ஐக் காணோம். தராசிலிருந்து எடையைக் கொண்டுவரும் கேபிளின் நம்பர் அது. சாதிக் மாட்டும்போது பக்கத்தில் நின்று கேட்டு வைத்திருந்தேன்.

மேசைக்கு அடியில் குனிந்தேன். கேபிள் மாட்டித்தான் இருந்தது. ஆனால் சாதிக் மாட்டிய முதல் ஓட்டையில் இல்லை, இரண்டாவதில். முதல் ஓட்டைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிக் கிடந்தது. நகத்தால் கீறினேன். சந்தனம்.

நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிச் சாமி படத்தின் முன்னால் வைத்து எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், கற்பூரம் என்று முதலாளி அமர்க்களப்படுத்தியிருந்தார். லோரி வாங்கினாலும் அப்படித்தான்.

"பாஸ், பூஜை முடிஞ்சு ஒயரைத் திரும்ப மாட்டினது யாரு?"

"நான்தான். ஏன்?"

"சந்தனம் வச்ச ஓட்டையில போகலன்னு பக்கத்துல சொருகிட்டீங்க. இடம் மாறினதால கம்ப்யூட்டர் அதுக்கு வேற நம்பர் குடுத்திருக்கும். சாப்ட்வேர் இன்னும் பழைய நம்பரத் தேடுது."

தம்புசாமி அண்ணன் டீயோடு ஜன்னலில் தலையை நீட்டினார். "பொட்டு வைக்கச் சொன்னா பாஸ் கண்ணையே பூசி மெழுகிட்டாரு."

முதலாளி சிரிக்கவில்லை. திருநீற்றைத் தடவிக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் சாதனங்களின் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். கேபிள் இப்போது காம் 5. சாப்ட்வேரின் செட்டிங் பைலை முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். பிறகு மூன்றை அழித்து ஐந்து போட்டேன்.

"தொடக் கூடாதுன்னானே" என்றார் முதலாளி.

"பதினோரு வருஷம் ஒயர் உரிச்சவ பாஸ். எது எங்க போகுதுன்னு பாக்காம கத்தி வைக்க மாட்டேன்."

அழுத்தினேன். வெள்ளைப் பெட்டி வந்தது. போகவில்லை. உள்ளே எண்: 21,460 கிலோ.

"அண்ணே, லோரில ஏறுங்க."

ஏறினார். 21,540.

"எண்பது கிலோ. டீயோட சேத்து" என்றேன்.

மணி ஒன்பது நாற்பத்தொன்று. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அவரே சாதிக்கைக் கூப்பிட்டார். "அந்தப் பிள்ளைய வர வேணாம்னு சொல்லிடு. இங்க ஆள் இருக்கு."

அந்தப் பக்கம் சாதிக் ஏதோ கேட்டான். முதலாளி போனை என்னிடம் நீட்டினார்.

"யாரு அக்கா சரி பண்ணது?"

"நான்தான்" என்றேன். அடுத்த லோரி மேடை ஏறிக்கொண்டிருந்தது.