அச்சடித்த எலும்பு

பேண்ட்டின் வெற்றுக் காலை மடித்து ஊக்குக் குத்தப் போன கேசியாவின் கையை அவள் அம்மா ஜெபமணி தட்டிவிட்டாள்.

"மடிக்காதே. அப்படியே நீட்டா கெடக்கட்டும்."

"சப்பையா கெடக்குதேம்மா. பாக்கறவங்க..."

"பாக்கறவங்க பாத்துட்டுப் போறாங்க. அந்த எலும்பை எடுத்துக்கினு வா."

பெட்டிக்குள் ஜோஷுவா கிடந்தான். கேசியாவின் தம்பி. இருபத்து மூன்று வயது. மாம்பழக்கூழ் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். புதுச் சட்டை, புது பேண்ட், இடது கால் மட்டும். வலது காலைத் தொடையோடு எடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. காலை எடுத்தும் புற்று விடவில்லை. நெஞ்சுக்கு ஏறி, நேற்று காலையில் ஆளையே கொண்டுபோய்விட்டது. நாலு மணிக்கு அடக்கம். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பாதி சனம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

அம்மா சொன்ன எலும்பு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி பிளாஸ்டிக்கில் அச்சடித்தது. ஜோஷுவாவின் தொடை எலும்பு முழங்காலில் வந்து முடிகிற இடம், அதே அளவு, அதே வளைவு. வெள்ளை எலும்பின் ஒரு பக்கத்தில் சிவப்பாகக் கட்டி. கட்டியைச் சுற்றி நீலக் கோடு. அங்கேதான் அறுக்க வேண்டும். டாக்டர் டேப்லெட்டை அவன் கால்மேல் பிடித்துக் காட்டியபோது தோலுக்கு உள்ளே அதே எலும்பும் சிவப்பும் நீலமும் திரையில் தெரிந்தன. ஆபரேஷனில் ஒரு கண்ணாடி போட்டுக்கொண்டு இந்தப் படத்தைக் காலின் மேலேயே பார்த்தபடி அறுப்போம், கோட்டுக்கு உள்ளே இருப்பதை மட்டும் எடுப்போம், கால் நிற்கும் என்றார். "அக்கா, என் கால்ல சினிமா ஓடுது பாரு" என்று சிரித்தான் ஜோஷுவா. படுபாவி, எதற்கும் சிரிப்பான். கால் போன பிறகு அந்த எலும்பைக் கேட்டு வாங்கிவந்து, அதில் போனைச் சாய்த்துவைத்து கிரிக்கெட் பார்த்தான்.

கேசியா அதை எடுத்து வந்தாள். பக்கத்து வீட்டுக் கமலம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா ஜெபமணி, பிளாஸ்டிக்கைப் போயி பெட்டியிலே வெக்கறே?"

"அறுத்த காலை ஆஸ்பத்திரியிலே எரிச்சிட்டாங்க. எம்புள்ளை கடைசி நாளன்னிக்கி குழியிலேருந்து எந்திரிக்கும்போது எதை வெச்சி நிப்பான்?"

"கர்த்தருக்குத் தெரியாதா? மண்ணை எடுத்து மனுசனைச் செஞ்சவரு."

"அவருக்குத் தெரியும். எனக்கு மனசு கேக்கலியே."

கமலம்மா பெருமூச்சு விட்டாள். "பட்ட கால்லியே..." என்று ஆரம்பித்தவள் பெட்டியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போனாள்.

ஜெபமணி எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தச் செவப்பு அவனோட குழிக்குப் போவக்கூடாது. அறுத்துடு."

தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்த கிளமென்ட், கேசியாவின் புருஷன், "குடுங்க அத்தை, நான் அறுக்கறேன்" என்று வந்தான். சத்தியவேட்டுக்காரன், நல்ல மனுஷன். அவன் நல்லவனாக இருப்பதுதான் கேசியாவுக்குத் தாங்கவில்லை.

"வாணாம், நானே அறுக்கறேன்" என்று ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் போனாள். அம்மாவும் பின்னாலேயே வந்து குந்தினாள்.

நீலக் கோட்டில் பிளேடை வைத்து இழுத்தாள். பிளாஸ்டிக் கீச்சென்றது.

ஆஸ்பத்திரி காகிதமெல்லாம் கேசியாவின் பொறுப்பு. போனும் அவளுக்குத்தான் வரும். பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஆபரேஷனுக்கு வந்து சேரச் சொன்னார்கள். அப்போது கோயிலில் அவளுடைய கல்யாண அறிவிப்பு ஒரு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு, அப்புறம் கல்யாணம். முப்பத்தோரு வயதில் அமைந்த மூன்றாவது வரன். முந்தைய இரண்டும் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாதவை. மருந்து ஏற்றித் தம்பிக்குத் தலைமயிர் கொட்டியதை டைபாய்டு என்றுதான் மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தது. புற்று, ஆபரேஷன் என்று தெரிந்தால் இவர்களும் போய்விடுவார்கள். கல்யாணம் முடிந்து வருகிறோம் என்று டாக்டரிடம் சொன்னாள். "கட்டி நமக்காக நிக்காதும்மா" என்றார் அவர். வீட்டில், ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கவில்லை, மார்ச்சில்தான் என்று சொல்லிவிட்டாள்.

மார்ச்சில் புதுத்தாலியோடு அவனைக் கூட்டிப்போனாள். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இந்த எலும்பை மேசைமேல் வைத்தார். கட்டி கோட்டைத் தாண்டி ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டது, இது இனி உதவாது, காலை எடுக்க வேண்டும் என்றார். புற்று என்று தெரிந்தபோது கிளமென்ட் ஒரு வார்த்தைதான் சொன்னான். "முன்னியே சொல்லியிருந்தா நானே கூட்டிக்கினு போயிருப்பேனே."

சிவப்பு, கல்மேல் தனியாக விழுந்தது. எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை.

ஜெபமணி அதை விரலால் புரட்டினாள். "இவ்ளோதானா இருந்துச்சி?"

"அப்போ இவ்ளோதான்."

"அப்போன்னா எப்போ?"

இப்போதும் ஒரு பொய் போதும். எட்டு மாதமாக அம்மா, தேதி கொடுக்கவில்லை என்று அந்த டாக்டரைத்தான் சபித்துக்கொண்டிருந்தாள். இன்னும் எட்டு வருஷம் சபிப்பாள், யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் கேசியாவால் முடியவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னே. பிப்ரவரி ஒம்பதாந்தேதியே வரச்சொன்னாங்கம்மா. நான்தான் அப்பறமா வரோம்னு சொல்ட்டேன்."

"தேதி கெடைக்கலேன்னியே."

"பொய் சொன்னேன். கல்யாணம் நின்னுபூடும்னு பயம்மா எனக்கு. என்னை அடிம்மா. நாலு பேர் எதிர்ல வெச்சி அடி."

ஜெபமணி அடிக்கவில்லை. எலும்பைக் குழாயடியில் பிடித்துத் தூளெல்லாம் போகக் கழுவினாள். குளிப்பாட்டிய பிள்ளையைத் துடைப்பதுபோல் முந்தானையால் துடைத்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். சிவப்புத் துண்டைக் கேசியா குப்பைக்கூடையில் போட்டாள்.

மூன்றரைக்குப் போதகர் வந்தார். பேண்ட்டின் வலது காலுக்குள் ஜெபமணி எலும்பை நுழைத்துவிட்டிருந்தாள்; முழங்கால் இருக்கவேண்டிய இடம் மேடாகத் தெரிந்தது. ஜெபமும் பாட்டும் முடிந்தன. பெட்டியை மூடுமுன் வீட்டார் ஒவ்வொருவராக நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டும். ஜெபமணி முதலில் கொடுத்தாள். அங்கேயே, மகன் தலைமாட்டில், நின்றுகொண்டாள். சித்தப்பா கொடுத்தார், சித்தி கொடுத்தாள். கிளமென்ட் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தான். ஆலையில் கூட வேலை செய்த பவன்குமாரைக்கூட ஜெபமணி கையைப் பிடித்து அழைத்து, "குடு நைனா" என்றாள்.

கால்மாட்டில் நின்ற கேசியா ஓரடி முன்னால் வந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். கேசியா நின்றுவிட்டாள்.

பெட்டிக்காரர் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"இன்னும் யாராச்சும் இருக்கீங்களா?"

"எல்லாரும் ஆச்சி" என்றாள் ஜெபமணி. "மூடு."

மூடி இறங்கியது. பெட்டிக்காரர் தலைமாட்டிலிருந்து ஒவ்வொரு திருகாக முடுக்கிக்கொண்டு கால்மாட்டுக்கு வந்தார்.

"கொஞ்சம் தள்ளும்மா" என்றார்.

கேசியா தள்ளி நின்றாள்.