தூம்பாவின் உள்துணி

ஆண்டிமடத்துக்கு மேற்கே முந்திரிக்காட்டுக்குள் நிற்கும் அந்தச் சவேரியார் கோவிலின் மணி, பிரெஞ்சுச் சாமியார் கப்பலில் கொண்டுவந்தது. பீடம் பர்மாத் தேக்கு. ஊர்க்காரன் தன்னுடையது என்று மார்தட்டிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்று: பூவரசம்பலகையில் செய்த தூம்பா, பொதுச் சவப்பெட்டி. செத்தவரை அதில் கல்லறைக்குக் கொண்டுபோய், பாயோடு குழியில் இறக்கிவிட்டு, வெறும் பெட்டியைக் கோவிலுக்கே திருப்பிக் கொண்டுவந்து ஒரு மூலையில் வைப்பார்கள். ஏழை ஊரில் ஆளுக்கொரு பெட்டிக்கு எங்கே போவது?

மணியடித்துக் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை தேவசகாயத்துக்கு அந்த மூலைப்பக்கம் திரும்பவே நடுக்கம். விடிகாலையில் மணிக்கயிற்றைப் பிடித்தால் போதும், பெட்டிக்குள்ளிருந்து டொக், டொக் என்று கேட்கும். நாலு வருஷமாக ஒருநாள் தவறியதில்லை. நாற்பத்து மூன்றாம் வருஷம் காலரா வந்தபோது அவர்தான் அதன் உள்பக்கம் கறுப்புத் துணி வைத்து ஆணியடித்தார். என்ன பக்தி என்று ஊரே மெச்சியது. மெச்சாதா பின்னே!

எல்லாரையும்விட மெச்சியவள் அற்புதம்மாள். அவள் புருஷன் மிக்கேல் காலராவில் போனபோது கூடப்பிறந்தவர்கள்கூட வாசலை மிதிக்கவில்லை. தேவசகாயம்தான் தூம்பாவை வண்டியில் ஏற்றித் தனியாளாய்க் கொண்டுபோய் அடக்கினார். அந்த நன்றிக்கு அவள் சனிக்கிழமைதோறும் வந்து கோவிலைக் கூட்டுகிறாள்.

அன்றும் கூட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் கல்லறைத் திருநாள். செத்தவர்களுக்கான பூசைக்கு வெறும் தூம்பாவை நடுக்கோவிலில் வைக்க வேண்டும். புதுச் சாமியார் மூடியைத் திறந்து பார்த்தார்.

"துணி பூராவும் கறையான். கிழிச்சுப் போடும்."

"வேணாம் சாமி, நானே பாத்துக்கிறேன்..."

தேவசகாயம் ஓடி வருவதற்குள் சாமியாரே துணியைப் பிடித்து இழுத்துவிட்டார். மூடியின் உட்புறம் முழுக்க நகக் கீறல். சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். அற்புதம்மாள் கிட்டே வந்து பார்த்தாள்.

"அண்ணே, நீங்க துணி அடிச்சது எங்க வூட்டுக்காரரு போன மறுநாதானே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? தேவசகாயம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டியில போவயில தட்டுனாரும்மா. தொறந்தா நோவு எனக்கும் ஒட்டிக்குமே, வூட்ல நாலு புள்ளைங்களாச்சேன்னு பயந்துட்டேன். சத்தம் அடங்குற வரைக்கும் பனமரத்தடியில போயி ஒக்காந்துட்டேன். நான் பாவி, பாவி!"

"எதாச்சும் கேட்டாரா?"

"தண்ணி."

அவள் கீறல்களின்மேல் கையை வைத்துத் தடவினாள்.

"ஓடியாந்து எனக்கு ஒரு கொரல் குடுத்திருக்கக் கூடாதா? நான் தொறந்திருப்பேனே அண்ணே. எனக்கென்ன பயம்?"