உப்புப் போட்ட ஐஸ்

வேலை முடிந்து வந்தால் காற்சட்டையைக் கழற்றிச் சாரத்துக்கு மாறுவதுதான் அவருடைய முதல் வேலை. அன்றைக்கு மாறவில்லை. சோற்றிலும் கை வைக்காமல், மேசையில் ஒரு சின்ன இன்சுலின் போத்தலை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் புருஷன் அபுல் ஹஸன் அரசாங்கத்தின் மருந்துப் பரிசோதகர். எண்பதாம் ஆண்டுப் புது மருந்துச் சட்டம் வந்ததிலிருந்து, இவருடைய சைக்கிளைக் கண்டாலே கல்முனை மருந்துக்கடைக்காரர்கள் அலுமாரியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். துடைக்காதவர் ஒரே ஒருவர்தான். அவர் என் வாப்பா கச்சிமுகம்மது.

காரைதீவுச் செல்லத்தம்பி மாஸ்டர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்று இவர் சொன்னார். சலரோகக்காரர், ஒருநாளும் ஊசி தவறவிடாதவர், ஆனாலும் சீனி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. அவர் மருந்து வாங்குவது வாப்பாவின் கடையில். அதனால்தான் இவர் பின்னேரம் போய் அங்கே ஒரு போத்தல் வாங்கி வந்திருக்கிறார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக் காட்டினார். பால்போல ஒன்றாகக் கலக்கவேண்டிய மருந்து, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கண்ணாடியில் ஒட்டி நின்றது. ஒருதரம் உறைந்தால் இன்சுலினின் வேலை முடிந்துவிடுமாம். கடையில் பிரிட்ஜ் இல்லை, ஐஸ் பெட்டிதான், வெறும் ஐஸ் இப்படி உறையவைக்காது, கொழும்பிலிருந்து லொறியில் வரும் வழியில்தான் ஏதோ நடந்திருக்கவேண்டும் என்று இவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

கடை வைப்பதற்கு முன் வாப்பா கண்டிக்கு மீன் அனுப்பியவர். மருந்து கொடுக்கப் படித்த ஆள் ஒருவர் கடையில் சம்பளத்துக்கு இருந்தாலும், ஐஸ் பெட்டியை மட்டும் வாப்பா யாரிடமும் விடமாட்டார். மற்றக் கடைகளில் மருந்து வெயிலில் வேகிறது, என்னுடைய கடையில் மலைநாட்டுக் குளிர் என்று பீற்றிக்கொள்வார். அந்தக் குளிரின் வித்தை எனக்குத் தெரியும். சின்ன வயதில் நானும் அள்ளிக் கொடுத்திருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி லொறிக்காரன் தலையில் போயிருக்கும், வாப்பா அடுத்த பெட்டியையும் அதேமாதிரிக் கட்டியிருப்பார்.

"ஐஸுக்குள்ள உப்புப் போடுவார். மீன் கல்லுப்போல இருக்கோணுமெண்டா அப்பிடித்தான் செய்யிற" என்றேன்.

இவர் எழும்பி, எதிரே இருந்த வீட்டுக்குப் போய் வாப்பாவைக் கூட்டிவந்தார். எங்கள் பக்கத்து வழக்கம்தான், கலியாணத்தோடு மகளுக்குக் கல்வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் அதே வளவில் ஓலை வீட்டுக்குப் போய்விட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் வாப்பா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் அவருடைய சிநேகிதர். மிச்சத்தை இப்போதே கொண்டுபோய்க் கடலில் கொட்டிவிடுகிறேன் என்றார். கொட்டினால் போதாது, விற்றதெல்லாம் திரும்பி வரவேண்டும், பள்ளிவாசலில் அறிவிக்கவேண்டும், விடிந்ததும் பெட்டிக்குச் சீல் வைத்து வழக்கும் எழுதவேண்டும் என்று இவர் பணிவாகத்தான் சொன்னார். சொந்தக்காரருடைய கடை, அம்பாறையிலிருந்து வேறு அதிகாரி வரட்டுமே என்று வாப்பா கெஞ்சிப் பார்த்தார். அவர் வந்து சேருவதற்குள் இன்னும் எத்தனை பேர் அதைக் குத்திக்கொள்வார்களோ என்று இவர் கேட்டார். நியாயத்தில் தோற்றால் வாப்பாவுக்குக் கோபம்தான் வரும்.

"என்ட ஊட்டுல இருந்துக்கிட்டு எனக்கே சீல் வெக்கப் போறீங்களா மருமகன்? அப்பிடியெண்டா உடுப்புப் பெட்டியத் தூக்கிக்கிட்டு உங்கட உம்மாட ஊட்டுக்குப் போங்க."

வந்த மாப்பிள்ளை அந்த வார்த்தைக்கு என்ன சொல்வது? சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவும் இல்லை. வாப்பா என்றால் எனக்கு உயிர், ஆனால் இந்தப் பதிலை நான்தான் சொல்லவேண்டும்.

"வாப்பா, ஊட்ட நீங்க எனக்கு எழுதித் தந்திட்டீங்க. இது என்ட ஊடு. அவர் இஞ்சதான் இருப்பார், சீலும் வெப்பார். உப்புக் கதைய அவருக்குச் சொன்னதும் நான்தான்."

வாப்பா என்னை அடிக்கக்கூடும் என்று நினைத்தேன். அவர் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் இறங்கிப் போனார். முற்றத்தில் நின்று, திரும்பாமல், மாஸ்டருக்கு இப்போது எப்படி என்று கேட்டார். நல்ல மருந்து ஏற்றியிருக்கிறார்கள், இன்னும் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார் இவர்.

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாங்கு சொல்லும் மோதினாரின் குரலை எதிர்பார்த்து நின்றேன். வந்தது கரைவலை மீனை ஏலம் கூறிப் பழகிய குரல்.

"கச்சிமுகம்மது கதைக்கிறன். என்ட கடையில இன்சுலின் எடுத்தவங்க அதப் போட்டுக்கொள்ளாதீங்க. திருப்பிக் கொண்டு வாங்க. பிழை என்ட."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. நான் அழவில்லை. அடுப்பை மூட்டினேன்.

பகல் சோற்றைக் கட்டிக்கொண்டு முக்காட்டோடு கடைக்குப் போனேன். இருவருக்கும் சேர்த்து ஒரே பெரிய தட்டில், சகனில்தான் வைத்திருந்தேன், வேண்டுமானால் சண்டை பிடித்துக்கொண்டே சாப்பிடட்டும். கடைவாசலில் ஆட்கள் நின்றார்கள். பாலமுனைப் பக்கமிருந்து வந்த ஒரு கிழவி மடியை அவிழ்த்துப் போத்தலை எடுத்துக் கொடுத்தா. வாப்பா வாங்கி இவரிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. வெறுமையாக்கிச் சீல் வைத்த ஐஸ் பெட்டி வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அதிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்து மணலில் வெள்ளையாகப் படிந்திருந்தது. காலையிலிருந்து நின்றபடியே எழுதிக்கொண்டிருந்த இவர், பேனையை வைத்துவிட்டு முதுகை நிமிர்த்தினார்.

வாப்பா இன்னும் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த போத்தலுக்குக் கையை நீட்டியபடி, மேசைக்குக் கீழே கிடந்த முக்காலியைக் காலால் மெல்ல அவர் பக்கம் தள்ளிவிட்டார்.