மாமாவின் எழுபதாவது பிறந்தநாள் கேக்

என் ஓரகத்தி புஷ்பவள்ளிக்கு எதையும் கற்றுக்கொள்ள ஒரு நாள் வகுப்பு போதும். ஒரு நாள் யோகா, ஒரு நாள் பூ அலங்காரம், போன மாதம் கிள்ளானில் ஒரு நாள் கேக் வகுப்பு. அதிலிருந்து அவள் தான் குடியிருக்கும் புஞ்சாக் ஆலாமில் யாரிடமும் சாதாரணமாகப் பேசுவதில்லை. 'டெக்ஸ்ச்சர்' என்கிறாள், 'ஃபினிஷிங்' என்கிறாள்.

நான் பன்னிரண்டு வருடமாகக் கேக் செய்து விற்கிறேன். சபாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து வீட்டில், ஒரே ஓவனில். அவள் இதுவரை என் கேக்கில் ஒரு துண்டை முழுதாகத் தின்றதில்லை. "எஸ்டேட் கேக்குல பட்டர்க்ரீம் அதிகம்லா, அன்பரசி" என்று தட்டை ஓரமாக வைத்துவிடுவாள்.

எங்கள் மாமனார் அர்ஜுனன் பழைய மண்டோர், தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கியவர். எங்களோடுதான் இருக்கிறார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நான் கேக் செய்கிறேன் என்றேன். "வேணாம்" என்றாள் புஷ்பவள்ளி போனில். "நான் மிரர் கிளேஸ் போட்டுக் கொண்டாறேன். மேல பாத்தா மூஞ்சி தெரியும்."

முதல் நாள் மாலையே வீடியோ போட்டுவிட்டாள். ஐந்து பகுதி. கேக் செய்தாளா, படம் எடுத்தாளா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பேச்சு. உறைந்த கேக்கைக் கம்பித் தட்டின் மேல் வைத்து, வெள்ளைச் சாக்லேட்டும் ஜெலட்டினும் கலந்த நீலக் குழம்பை ஊற்றினாள். ஒரு பக்கம் ஒட்டாமல் வழிந்து ஓடியது. அந்த இடத்தில் சீனி முத்துகளை அப்பி, "இதுதான் டிசைன்" என்றாள். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அப்போதுதான் சட்டிக்குப் பின்னால் இருந்த பொட்டலம் கண்ணில் பட்டது. நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெலட்டின் லெம்பு. மாட்டு ஜெலட்டின்.

மாமா மாட்டிறைச்சி பட்ட கரண்டியைக்கூடத் தொடமாட்டார். என்னிடம் மீன் ஜெலட்டின் இருந்தது. புதிதாக ஒன்று செய்ய நேரமும் இருந்தது. ஒரு போன் போதும். நான் போடவில்லை. நாளைக்கு எல்லார் முன்னாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் அவள் கணவர் திவாகரன் பெட்டியைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்தி வந்தார். நாற்பது பேர் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். எங்கே வாங்கியது என்று யாரோ கேட்டார்கள்.

"வீட்ல செஞ்சது" என்றாள் புஷ்பவள்ளி, என்னைப் பார்த்து. "டெக்னிக் தெரியணும். ஓவன் மட்டும் இருந்தா பத்தாது."

மாமா கத்தியை எடுத்தார். நீலப் பளபளப்பில் தன் நரைத்த தலை தெரிவதைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"மாமா, வெட்டாதீங்க" என்றேன்.

"ஏம்மா?"

"மேல மின்னுதே, அது மாட்டு ஜெலட்டின். மாட்டுத் தோலு, எலும்புலேர்ந்து எடுக்கறது."

"சும்மா ஒளறாத" என்றாள் அவள். "ஹலால் முத்திரை பாத்துதான் வாங்கினேன்."

"ஹலால்னா பன்னி இல்லக்கா. மாடு இல்லன்னு யாரு சொன்னா?"

வீடியோவைப் பொட்டலம் தெரியும் இடத்தில் நிறுத்திப் போனை நீட்டினேன். திவாகரன் வாங்கிப் படித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பாமல் திருப்பிக் கொடுத்தார். புஷ்பவள்ளி போனை எட்டிப் பார்த்தாள்; முகம் வெளுத்துப்போனது. இப்படி ஒரு முகத்தைப் பார்க்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்!

முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மெகராஜ் பேகம் அன்றைய விருந்துக்குக் கோழி பிரியாணி கொண்டு வந்திருந்தார். அவர்தான் முன்னால் வந்தார். "எங்க வீட்ல சாப்பிடலாம்லா. இவ்ளோ அழகா இருக்கு, எதுக்கு வீணாக்கணும்? குடும்மா" என்று கேக்கைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

மாமா கத்தியை வைத்துவிட்டு அடுப்படிக்கு என் பின்னாலேயே வந்தார்.

"அந்த வீடியோவ எப்ப பாத்த?"

"நேத்து."

"நேத்து எத்தன மணிக்கு?"

"ஆறு மணி இருக்கும், மாமா."

பழுக்காத செங்காயை வெட்டிவிட்டு நல்ல செம்பனைக் குலைக்கு அடியில் ஒளித்து வைத்த ஆளை, மண்டோராக இருந்த காலத்தில் அவர் இப்படித்தான் பார்த்திருப்பார்.

"அவளுக்குத் தெரியாது" என்றார். "ஒனக்குத் தெரியும். கத்திய எடுக்கற வரைக்கும் என்னைய நிக்க வச்சு வேடிக்க பாத்திருக்க."

வெளியே போய்ப் புஷ்பவள்ளி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரியாணி போட, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் இரண்டாம் முறை கேட்டு நான் பார்த்ததே இல்லை.

நான்கு நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு செய்தி. வணக்கம்கூட இல்லை. "மீன் ஜெலட்டின் எங்க கிடைக்கும்?" கடைப் பெயரை மட்டும் அனுப்பினேன். பெருவிரல் ஒன்று வந்தது. நன்றி என்று எழுதக்கூட அந்த விரலுக்கு வலிக்கும்போல.

மாமா ஒரு வாரம் நான் போட்டதைச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. எட்டாம் நாள் காலைதான் வாசலிலிருந்தே, "தேத்தண்ணி கலக்கும்மா" என்றார்.