ஒப்பனை அறையில் நடந்தது

பிறிஜெற்றின் வலது கை விரல்கள் மூன்றைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவன் அவள் புருஷன் கஸ்பார்தான். வாசகர் மாநாட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. "இனி எப்பிடி அவங்களுக்கு டைப் அடிக்கிறாய் எண்டு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே நசுக்கினான். அவள் கத்தவில்லை. கத்தினால் கதவை இன்னொருதரம் சாத்துவான் என்பது ஏழு வருஷக் குடித்தனம் கற்பித்த பாடம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. வெள்ளைச் சிப்பாய்கள் கப்பலேறும்போது விட்டுப்போன ஆங்கிலச் சஞ்சிகைகள் புறக்கோட்டை நடைபாதையில் குவிந்து கிடந்தன. விண்கப்பல், செவ்வாய்க்கிரகவாசி, இயந்திர மனிதன் என்று எல்லாம் விஞ்ஞானக் கதைகள். அவற்றைத் தேடித்தேடி வாசித்த இருபது பேர் வெள்ளவத்தையில் ஒரு வாசகர் வட்டம் தொடங்கினார்கள். நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்த நாகேந்திரம் அதற்குத் தலைவர். கோட்டையில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்த பிறிஜெற்றுக்குப் பதவி ஒன்றுமில்லை. ஆனால் அழைப்பிதழ், கதிரை, தேத்தண்ணி, நாடக உடுப்பு எல்லாம் அவள் தலையில்தான். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தை எடுத்து, விஞ்ஞானக் கதை வாசகர் மாநாடு, மாலையில் செவ்வாய்க்கிரக நாடகம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை கட்டுப்போட்ட கையோடு அவள் வந்து நின்றாள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் கஸ்பாருக்கு அன்று மாலைவரை வேலை.

"கையில என்ன?" என்று கேட்டான் ஹாஷிம். ஏணியேறி வீடுகளுக்கு கரண்ட் வயர் இழுப்பது அவன் தொழில்; மாநாட்டில் லைற்றும் மேடைச் சத்தமும் அவன் பொறுப்பு.

"கதவு அடிச்சது."

"போன மாசம் கண்ணிலயும் கதவுதானா அடிச்சிச்சு?"

அவள் இடது கையால் கதிரைகளை இழுத்து வரிசையாக்கத் தொடங்கினாள்.

நாலு மணிக்கு நாடகம் தொடங்கியது. திரைக்கு முன்னால் இருநூறு சனம். திரைக்குப் பின்னால், ஒப்பனை அறையில், பிறிஜெற் சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப்பெட்டியை இடது கையால் பிடித்து, கடைசிக் காட்சிக்கான அங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹாஷிம், விண்கப்பல் கிளம்பும் சத்தத்துக்காகப் பெரிய தகரமொன்றைக் குலுக்கிக்கொண்டிருந்தான்.

பின்கதவு உதையில் திறந்தது. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த கஸ்பார் நின்றான். வாயில் சாராய நாற்றம். கையில் மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி.

"வெளிய வா."

"நாடகம் முடியட்டும், வாறன்."

அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை மேசை விளிம்பில் மோதினான். பல்லொன்று உடைந்து வாயெல்லாம் இரத்தம். இரண்டாவது தரம் மோதுவதற்குள் ஹாஷிம் தகரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். கஸ்பார் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொக்கியைப் பின்னால் வீசினான். அது ஹாஷிமின் தோளில் இறங்கியது. இழுத்தபோது சதையோடு வந்தது. ஹாஷிம் போட்ட அலறல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

முன்னால் சனம் கைதட்டியது. செவ்வாய்க்கிரகத்தில் யாரோ சாகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

கொக்கி மறுபடி உயர்ந்தது. இந்தமுறை ஹாஷிமின் கழுத்துக்கு. பிறிஜெற் அப்போது எதையும் யோசிக்கவில்லை. ஸ்திரிக்கைப்பெட்டியைத் தூக்கி, உடம்பின் பலமெல்லாம் சேர்த்து, கஸ்பாரின் காதோடு சேர்த்து அடித்தாள். மூடி தெறித்தது. தணல் அவன் முகத்திலும் சட்டைக்குள்ளும் கொட்டியது. அவன் மாடுபோல் கத்திக்கொண்டு விழுந்தான். அவள் விடவில்லை. வெறும் பெட்டியால் இன்னும் இரண்டு அடி போட்டாள். மூன்றாவதற்கு ஓங்கியபோது நாகேந்திரம் மேடையிலிருந்து ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"பிள்ளை, காணும்! செத்துப்போவான்!"

"சாகட்டும்" என்றாள். அந்தக் குரல் தன்னுடையதா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

அதற்குள் அங்கியில் தீப்பிடித்திருந்தது. அவள் தேத்தண்ணி வாளியைத் தூக்கி ஊற்றி அணைத்தாள். பிறகு அதே அங்கியின் எரியாத பக்கத்தைக் கிழித்து ஹாஷிமின் தோளைக் கட்டினாள்.

ஆஸ்பத்திரி விறாந்தையில் ஹாஷிமின் மனைவி ஜெஸீமா வந்தாள். பிறிஜெற் எழுந்து நின்றாள். என்ன ஏச்சு வந்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்று இருந்தாள்.

"குத்தினது ஒங்கட மாப்பிள்ளையா?"

"ஓம். என்னாலதான் உங்கட மனுசனுக்கு..."

"குத்தினவன் உசிரோட ஈக்கிறானா?"

"ஓம்."

ஜெஸீமா அவளுடைய வீங்கிய வாயையும் கட்டுப்போட்ட விரல்களையும் பார்த்தாள். "அப்ப நீங்க அந்த ஊட்டுக்குப் போக வாணாம்" என்றாள். "எங்கட ஊட்டுக்கு வாங்க. புள்ளைகளோட படுத்துக்கலாம்."

வழக்குப் புதுக்கடைக் கோட்டுக்குப் போனது. உயிரைக் காக்க அடித்ததென்று பிறிஜெற்றை விட்டுவிட்டார்கள். ஒரு காது கருகிப்போன கஸ்பாருக்கு மூன்று வருஷம் மறியல். ஹாஷிமின் கை அதன்பிறகு தோளுக்கு மேல் எழவேயில்லை; ஏணியேறும் வேலையை விட்டு ரேடியோ திருத்தப் பழகினான். பிறிஜெற் அவர்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தாள். பிறகு வெள்ளவத்தையில் தனக்கென்று ஒரு அறை எடுத்தாள். முதல் ஒரு மாதம், வாசலில் யார் காலடி கேட்டாலும் எழும்பி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நித்திரை வந்தது.